நாரோபோட்டில் லாக் கடப்பது எப்படி: இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுமுறைக்குக் நாரோபோட் என்ற குறுகலான கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுக்க உரிமம் எதுவும் வேண்டாம். படகுத்துறையில் ஒரு விளக்கம் தருவார்கள், கூடவே கொஞ்ச தூரம் வருவார்கள், அப்புறம் 15 டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகுப் படகு உங்கள் கையில். ஓட்டுவது ஒரே நாளில் பழகிவிடும். புதியவர்கள் தடுமாறும் இடம், கால்வாயின் மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் நீர்ப்பூட்டு. அங்கே செய்ய வேண்டிய வேலை ஒவ்வொன்றும் எளிது, ஆனால் வரிசை மாறினால் ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் லாக்குக்கே.

1. பாதையை லாக்-மைலால் கணக்கிடுங்கள்

வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுவதுதான் முதல் தவறு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையோரம் கட்டியிருக்கும் படகுகள், பாலங்கள், வளைவுகள் என்று கழித்தால் சராசரி வேகம் 3 மைலைத் தாண்டாது. லாக் ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 நிமிடம் போகும்.

சுருக்கமான கணக்கு இது: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள். வருவது மணி நேரம். 'ஃபோர் கவுண்டீஸ் ரிங்' என்ற வட்டப் பாதை சுமார் 110 மைல், 94 லாக். கூட்டினால் 204. மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். ஏழு நாள் விடுமுறையில் தினமும் பத்து மணி நேரம் சுக்கானைப் பிடித்து நிற்க வேண்டும். முதல் பயணத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

வட்டப் பாதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நடுவில் ஒரு லாக் பழுதானால் சுற்றை முடிக்க முடியாது. போய்த் திரும்பும் பாதை என்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். 70 அடிப் படகைத் திருப்ப, கால்வாய் அகலப்படுத்தப்பட்ட இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் படகின் நீளத்துக்கு அந்த இடம் போதுமா என்று கிளம்புமுன் பாருங்கள்.

தொடங்குவதற்கு லாங்கோலன் கால்வாய் நல்லது. ஹர்ல்ஸ்டனிலிருந்து மேலே வரும் 21 லாக்குகளில் 19 விட்சர்ச்சுக்குக் கீழேயே முடிந்துவிடும். விட்சர்ச் பக்கத்தில் படகெடுத்தால் லாங்கோலன் ஊர் வரை சுமார் 30 மைலுக்கு நியூ மார்ட்டனில் இரண்டே லாக். ஆனால் இந்தக் கால்வாய் டீ ஆற்றிலிருந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீரையும் கொண்டுபோகிறது. அதனால் இதில் ஓட்டம் உண்டு. லாங்கோலன் நோக்கிப் போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது நீரே தள்ளும். போக இரண்டரை நாள், வர இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பராமரிப்பு வேலைகளைக் கோடைக்குப் பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வார்கள். அப்போது லாக்குகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வெளியிடும் மூடல் அறிவிப்புகளைப் பயணத்துக்கு முதல் நாளும் ஒருமுறை பாருங்கள். கோடையில் நீர் குறைந்தாலும் மூடுவார்கள்.

2. ஏறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

விண்ட்லஸ் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. லாக்கின் மடைகளைத் திறக்கும் 'ட' வடிவ இரும்புக் கைப்பிடி இது. தண்ணீரில் விழுந்தால் நேராக அடிக்குப் போய்விடும். ஒன்றே ஒன்று வைத்திருந்து அதுவும் போனால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

சில ஊர்களில் மடைகளுக்குத் தனிப் பூட்டு உண்டு. அதற்கான சாவி, குடிநீர்க் குழாய், கழிவறை, மின்சாரத்தில் இயங்கும் பாலம் ஆகியவற்றைத் திறக்கும் பொதுச் சாவி, படகைக் கரையில் கட்டும் ஆணிகள், சம்மட்டி, கரைத் தகட்டில் மாட்டும் கொக்கிகள் எல்லாம் படகில் இருக்கின்றனவா என்று எடுத்துப் பார்த்து எண்ணுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உயிர்காப்பு அங்கி. பெரும்பாலான கால்வாய்கள் இடுப்பளவு ஆழம்தான், லாக் அப்படியில்லை. பிடிமானமுள்ள தட்டையான ஷூ போடுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் ஷால் எதுவும் பற்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சமையலுக்கு ஒரு குறிப்பு: படகின் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. மின்சார ரைஸ் குக்கர், மிக்ஸி ஓடும் என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். கேஸ் அடுப்பு இருக்கும், பிரஷர் குக்கர் போதும், பொடிகளை வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்காதீர்கள். அடுப்பிலிருந்தும் விறகுக் கணப்பிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடு வெளியேற அவைதான் வழி. அதற்கான அலாரத்தின் பொத்தானை முதல் நாளே அழுத்திச் சோதியுங்கள்.

3. லாக்குக்கு முன் அரை மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள்

டில்லர் என்ற சுக்கான் கோலை இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்முனை வலப்பக்கம் திரும்பும். படகு திரும்புவது அதன் நடுப்பகுதியை மையமாக வைத்து. முன்முனை வலப்பக்கம் போகும்போது பின்முனை இடப்பக்கம் வீசும். இதை மறந்து, வளைவில் கரையை ஒட்டித் திரும்பினால் பின்முனை கரையில் இடிக்கும்.

படகைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்) முன்னோக்கிச் சுழலும்போது மட்டும்தான் சுக்கான் நன்றாக வேலை செய்யும். நியூட்ரலிலும் பின்னோட்டத்திலும் படகு சொன்னபடி கேட்காது. பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு வந்து, பிறகு பின்னோட்டம் கொடுக்க வேண்டும். இதற்குப் படகின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது வேண்டும்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். குறைப்பதை அந்தப் படகை எட்டும் முன்பே, மூன்று நான்கு படகு நீளத்துக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். வேகமாகப் போனால் உங்கள் படகு நீரை இழுத்துக்கொண்டு போகும். அவர்களுடைய ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே அடுப்பில் இருப்பது கொட்டும்.

கரையில் அலை உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். எஞ்சினை இன்னும் முடுக்கினாலும் பின்முனை கீழே அமிழுமே தவிர வேகம் கூடாது. ஆழமில்லாத இடத்தில் தரை தட்டினாலும் முடுக்காதீர்கள். மெதுவாகப் பின்னோட்டம் கொடுங்கள். ஆட்களை ஆழமான பக்கத்துக்கு நகரச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கழியால் தரையில் ஊன்றித் தள்ளுங்கள்.

கையாலோ காலாலோ கரையையும் மற்ற படகையும் தள்ளி மோதலைத் தடுக்கப் பார்க்காதீர்கள். 15 டன் எடை எலும்பை நொறுக்கிவிடும். இடித்தால் இடிக்கட்டும், படகு எஃகு.

4. லாக்கின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

லாக் என்பது இருபக்கமும் கதவு வைத்த கல்தொட்டி. கால்வாயின் உயர்ந்த பக்கத்தில் இருப்பது மேல்கதவு, தாழ்ந்த பக்கத்தில் இருப்பது கீழ்க்கதவு. குறுகிய லாக் சுமார் 7 அடி அகலம், 70 அடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம். நாரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். அகன்ற லாக்கின் அகலம் 14 அடி, அதில் இரண்டு படகுகள் அருகருகே நிற்கும்.

நீரை உள்ளே விடவும் வெளியே விடவும் பேடில் என்ற மடைப்பலகைகள் இருக்கின்றன. கரையில் இருக்கும் பேடில் நிலத்தடி வழியாக நீர் விடும். கதவிலேயே இருக்கும் பேடில் நேராகப் படகின் முன்னால் நீரைக் கொட்டும். இந்த வேறுபாடு மிக முக்கியம், 6-ஆம் பகுதியில் தேவைப்படும்.

மேல்கதவின் அடியில், லாக்குக்குள் சுமார் ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டு ஒரு கல் வாசற்படி இருக்கும். பெயர் சில். லாக் நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே முடிகிறது என்பதைக் கரையில் வெள்ளைக் கோடு காட்டும்.

பேடிலைத் தூக்கும் பற்சக்கரத்தில் ஒரு தடுப்புக் கொக்கி உண்டு. அது விழுந்து பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விண்ட்லஸை விடலாம். விண்ட்லஸைத் தண்டில் மாட்டியபடி விட்டுப் போகவே கூடாது. கொக்கி நழுவினால் அது மின்விசிறி போலச் சுழன்று, பக்கத்தில் இருப்பவரின் கையையோ முகத்தையோ உடைக்கும். பேடிலை இறக்கும்போதும் கொக்கியைத் தட்டிவிட்டு விழவிடாதீர்கள், சுற்றி இறக்குங்கள்.

5. லாக்கை அணுகும்போது

கரையில் நின்று லாக்கை இயக்கப் போகிறவரை, படகுக் கயிற்றைக் கட்டும் கட்டுக்குற்றிகள் இருக்கும் இடத்தில் இறக்கிவிடுங்கள். இறங்குபவர் அடியெடுத்து வைக்க வேண்டும், தாவக் கூடாது. ஓட்டுபவர் படகிலேயே இருக்கட்டும்.

லாங்கோலன் போன்ற கால்வாய்களில் லாக்கைச் சுற்றிவரும் உபரிநீர், லாக்கின் கீழ்வாசலுக்குப் பக்கத்தில் வந்து விழும். கீழிருந்து நுழையும்போது அது முன்முனையை மறுகரைக்குத் தள்ளும். நீர் விழும் பக்கத்துக்குச் சற்று ஒதுக்கி முன்முனையை நீட்டுங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வாருங்கள், முன்முனை கதவுக்குள் நுழைந்ததும் குறையுங்கள்.

கரையில் இறங்கியவர் முதலில் செய்ய வேண்டியது எதிர்ப்பக்கம் பார்ப்பது. லாக் எதிரே வருபவருக்குச் சாதகமான மட்டத்தில் இருந்து, அவரும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்தால், அவரை முதலில் விடுங்கள். 7 அடி உயர்வுள்ள குறுகிய லாக் ஒருமுறை காலியானால் சுமார் 1 லட்சம் லிட்டர் நீர் கீழே போகிறது. அந்த நீரை வீணாக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

கிளம்புமுன் ஒரு சைகையை முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் 'எல்லாப் பேடிலையும் மூடு'. எஞ்சின் சத்தத்திலும் நீர் இரைச்சலிலும் வாயால் கத்துவது கேட்காது.

6. மேலே ஏறுவது

அ. லாக் காலியாக இருக்க வேண்டும். நிரம்பியிருந்தால், மேல்கதவும் மேல் பேடில்களும் மூடியிருப்பதை உறுதிசெய்துவிட்டுக் கீழ் பேடில்களைத் திறங்கள். மேலே ஏதாவது திறந்திருந்தால் மேற்பகுதிக் கால்வாயே உங்கள் வழியாகக் கீழே ஓடிவிடும்.

ஆ. உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றானதும் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துத் தள்ளுங்கள். நகரவில்லை என்றால் மட்டம் இன்னும் ஒன்றாகவில்லை. கதவை வெல்ல முயலாமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். திறந்து கிடக்கும் இரண்டு கதவுகளுக்கு நடுவே தாவிக் கடக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

இ. படகு நடைவேகத்தில் உள்ளே வரட்டும். கீழ்க்கதவுகளை மூடி, கீழ் பேடில்களையும் இறக்குங்கள். ஒரு பேடில் திறந்திருந்தாலும் லாக் நிரம்பாது. அரை மணி நேரம் காத்திருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

ஈ. மேலே கரையில் இருக்கும் பேடிலைப் பாதி மட்டும் திறந்து, படகைப் பாருங்கள். நீர் முதலில் படகைப் பின்னுக்குத் தள்ளும், பிறகு முன்னே இழுக்கும். ஓட்டுபவர் எஞ்சினால் சமாளிக்க வேண்டும். படகு அடங்கியதும் முழுதாகத் திறக்கலாம். அகன்ற லாக்கில் படகு நிற்கும் அதே பக்கத்துப் பேடிலை முதலில் திறங்கள். நீர் படகுக்கு அடியில் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, படகைச் சுவரோடு அணைத்து நிறுத்தும். மறுபக்கத்தைத் திறந்தால் படகு குறுக்கே அடித்துச் செல்லப்படும்.

உ. கதவு பேடிலை அதன் வாய் நீருக்குள் மூழ்கிய பிறகுதான் தொட வேண்டும். முன்னதாகத் திறந்தால் நீர் அருவியாகப் படகின் முன்தளத்தில் விழும். முன்கதவு திறந்திருந்தால் சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். ஏறும் போதெல்லாம் முன்கதவை மூடியே வைத்திருங்கள்.

ஊ. படகு உயரும்போது அதன் முன்முனைத் தாங்கி மேல்கதவின் இரும்பு விளிம்புக்கு அடியில் சிக்கக்கூடும். கரையில் ஒருவர் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். இது தனி வேலை, கைப்பேசியில் படம் எடுப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

எ. மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்து படகை வெளியே விடுங்கள். பேடில்களை இறக்கி, கதவை மூடி, நான்கு மூலைகளையும் கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகே படகில் ஏறுங்கள்.

7. கீழே இறங்குவது

இறங்குவது பார்க்க அமைதியாக இருக்கும். நீர்க் கொந்தளிப்பு இல்லை, படகு மெதுவாகத் தாழும். ஆனால் படகை மூழ்கடிக்கும் தவறு இங்கேதான் நடக்கும்.

லாக் நிரம்பியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் கீழே எல்லாம் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு மேல் பேடில்களால் நிரப்புங்கள். படகு உள்ளே வந்ததும் பின்முனை, சுக்கான் உட்பட, வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னே இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் இருந்தால் நீர் இறங்கும்போது பின்முனை சில்லின் மேல் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் மட்டும் தாழ்ந்துகொண்டே போகும், பிறகு முன்னால் இருந்து நீர் ஏறும்.

கோடு அழிந்திருந்தாலும் கவலை வேண்டாம், கீழ்க்கதவை ஒட்டி முன்னே நில்லுங்கள். 57 அடிப் படகுக்கு முன்னும் பின்னுமாகப் பதினைந்து அடி இடம் மிஞ்சும். 70 அடிப் படகுக்கு இந்தச் சலுகை இல்லை, ஓட்டுபவர் கண் எடுக்கவே கூடாது.

மேல்கதவையும் மேல் பேடில்களையும் மூடிய பின் கீழ் பேடிலைப் பாதி திறங்கள். திறந்த நொடியிலிருந்து ஓட்டுபவர் திரும்பித் திரும்பிப் பின்முனையைப் பார்க்க வேண்டும். படகு தானாகப் பின்னோக்கி நகரக்கூடும், தேநீர் குடிக்க உள்ளே போகும் நேரம் இதுவல்ல.

கயிற்றைக் கட்டுக்குற்றியில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். நீர் இறங்கினால் படகு கயிற்றில் தொங்கும். ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்து, இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள்.

8. சிக்கிக்கொண்டால்

ஏறும்போது சிக்கினாலும் இறங்கும்போது சிக்கினாலும் முதல் வேலை ஒன்றே: திறந்திருக்கும் பேடில்களை உடனே மூடுவது. நீர் மட்டம் மாறுவது நிற்க வேண்டும்.

அதன் பிறகுதான் எதிர்ப்பக்கம். இறங்கும்போது சில்லில் உட்கார்ந்திருந்தால், கீழ் பேடில்கள் முழுதும் மூடிய பின் மேல் பேடிலைக் கொஞ்சமாகத் திறந்து மீண்டும் நிரப்புங்கள். ஏறும்போது முன்முனை சிக்கியிருந்தால், மேல் பேடில்களை மூடிவிட்டுக் கீழ் பேடிலைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். பதற்றத்தில் நேராக எதிர்ப் பேடிலுக்கு ஓடுவது வழக்கமான பிழை. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் மட்டம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

படகு ஏற்கெனவே அதிகம் சாய்ந்துவிட்டால் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். சாமான்களுக்காக யாரும் உள்ளே போக வேண்டாம்.

9. படிக்கட்டு லாக்குகள்

சில இடங்களில் ஒரு லாக்கின் மேல்கதவே அடுத்த லாக்கின் கீழ்க்கதவாக இருக்கும். கிரிண்ட்லி புரூக்கில் இப்படி மூன்று, 1774-இல் திறந்த பிங்லியில் ஐந்து, ஃபாக்ஸ்டனில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. இடையில் கால்வாய் இல்லாததால் ஒரு தொட்டியின் நீர் நேராக அடுத்ததில் விழும்.

ஏறுவதென்றால் அடித்தொட்டி காலி, மேலே உள்ளவை எல்லாம் நிரம்பியவை. இறங்குவதென்றால் மேல்தொட்டி நிரம்பியது, கீழே உள்ளவை எல்லாம் காலி. முதல் படகு நுழையும் முன்பே இப்படித் தயாராக இருக்க வேண்டும். நிரம்பிய தொட்டிக்குள் இன்னொன்றைக் காலி செய்தால் நீர் வழிந்து கரையில் ஓடும். காலித் தொட்டியிலிருந்து நிரப்ப நினைத்தால் படகு நடுவழியில் தரை தட்டும்.

ஃபாக்ஸ்டனில் நீரைச் சேமிக்கும் பக்கக் குளங்கள் இருப்பதால் அங்கே தனி முறை: சிவப்பு பேடில் முதலில், வெள்ளை அடுத்து. இந்த இடங்களில் பருவ காலத்தில் லாக் காப்பாளர்கள் இருப்பார்கள். படகை வெளியிலேயே கட்டிவிட்டு நடந்துபோய் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், அவர் கூப்பிடும் வரை நுழையாதீர்கள்.

10. இரவுக்குக் கட்டி நிறுத்துதல்

இருட்டுமுன் நிறுத்துங்கள். வாடகைப் படகை இருட்டில் ஓட்ட அனுமதிப்பதில்லை. வளைவு, பாலத்தடி, லாக் வாசல், படகு திருப்பும் இடம் ஆகியவற்றில் கட்டக் கூடாது.

முன்கயிறு முன்னோக்கியும் பின்கயிறு பின்னோக்கியும் சாய்ந்து போகட்டும். நேர்க்குறுக்காகக் கட்டினால் கடந்துபோகும் ஒவ்வொரு படகுக்கும் உங்கள் படகு முன்னும் பின்னும் ஆடி ஆணியைத் தளர்த்தும். ஆணியைக் கரை விளிம்பிலிருந்து தள்ளி, சாய்வாக அடித்து, அதன் தலையில் வெள்ளைத் துணியோ பையோ கட்டுங்கள், நடப்பவர் தடுக்கி விழாமலிருக்க. நடுக்கயிற்றை இரவில் கட்டாதீர்கள். அது கூரையிலிருந்து இழுப்பதால் படகு சாயும்.

பக்கத்தில் மற்ற படகுகள் இருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓட்டக் கூடாது. பேட்டரியை அதற்கு முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள்.

11. தினசரிப் பார்வை

காலையில் எஞ்சினைத் தொடங்கும் முன் எண்ணெய் மட்டம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் மட்டம் இரண்டையும் பாருங்கள். மாலையில் நிறுத்தியதும் விசிறித் தண்டின் கிரீஸ் திருகை இறுகும் வரை சுற்றுங்கள். அந்தத் தண்டு வெளியே போகும் துளை வழியாக இரவெல்லாம் நீர் சொட்டாமல் இருக்க அதுதான் காப்பு. தண்ணீர்த் தொட்டியை வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் நிரப்புங்கள், நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகும்.

படகு திடீரென வலுவிழந்து எஞ்சின் முக்கினால் விசிறியில் ஏதோ சுற்றியிருக்கிறது. முதலில் சிறிது பின்னோட்டம் கொடுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் கரையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு, விசிறிக்கு மேலே இருக்கும் மூடியைத் திறங்கள். துணி, கம்பி, நைலான் கயிறு எல்லாம் வரும், பழைய கத்தி உதவும். மூடியைத் திரும்பப் போடும்போது நன்றாகப் பொருந்தி இறுகியிருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் எஞ்சின் ஓடியதும் விசிறியே நீரைப் படகுக்குள் வீசும். தொடங்கிய பின் ஒரு நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். கால்வாய் நீரில் எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் இருக்கக்கூடும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

12. ஆள் விழுந்தால், உதவி தேவைப்பட்டால்

ஆள் நீரில் விழுந்தால் ஓட்டுபவர் முதலில் நியூட்ரலுக்கு வர வேண்டும். பின்னோட்டம் கொடுத்துப் படகை அவரிடம் கொண்டுபோக நினைக்காதீர்கள், விசிறி அவரை இழுக்கும். மிதவையை எறியுங்கள். கால்வாய் நடுவில் விழுந்தவர் பெரும்பாலும் எழுந்து நிற்கலாம், நிற்கச் சொல்லிக் கத்துங்கள். லாக்கில் விழுந்தால் எல்லாப் பேடிலும் மூட வேண்டும், பிறகு சுவரில் இருக்கும் ஏணிக்கு அவரை வரச் செய்ய வேண்டும்.

அவசர எண் 999 அல்லது 112. கால்வாய்க் கரைக்குத் தெரு முகவரி இருக்காது. கால்வாயின் பெயரையும் கடைசியாகக் கடந்த பாலத்தின் எண்ணையும் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலத்திலும் எண் பலகை இருக்கும். கடக்கும்போதெல்லாம் அதை உரக்கப் படிக்கும் வேலையை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டால், எந்த நேரத்திலும் படகு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.